பிளஸ் டூவை மறுபடி எழுதிவிட்டுச் சட்டம் சேர்வதா?

ஐயா, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிவிடுகிறேன். வலங்கைமான் பக்கம் கிராமம். மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, வணிகவியல் பிரிவு. பிளஸ் டூவில் 600க்கு 347. தமிழ் 71, ஆங்கிலம் 48, பொருளியல் 52, வணிகவியல் 63, கணக்குப்பதிவியல் 49, கணினிப் பயன்பாடுகள் 64. திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர ஆசை. இந்த மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்காது, ஓராண்டு டுட்டோரியலில் போட்டு பிளஸ் டூவை மறுபடி எழுத வையுங்கள் என்கிறார் உங்கள் மைத்துனர். செய்யலாமா?

செய்ய வேண்டாம். அவர் சொல்வது போலச் செய்யவும் முடியாது. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் ஆறு பாடத்திலும் தேர்ச்சி பெற்ற ஒருவர், மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்வதற்காக அதே தேர்வை மறுபடி எழுதும் ஏற்பாடு இப்போது இல்லை. ‘இம்ப்ரூவ்மெண்ட்’ என்று ஒரு காலத்தில் இருந்ததை வைத்து ஊரில் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். அது எடுக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது நடக்கும் துணைத்தேர்வு, தவறிய பாடத்தை எழுதுவோருக்கும் தேர்வுக்கு வராமல் போனவர்களுக்கும்தான். எந்த டுட்டோரியலாவது ‘எழுத வைத்துவிடலாம்’ என்று முன்பணம் கேட்டால், கட்டுவதற்கு முன் திருவாரூரில் அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு மதிப்பெண் பட்டியலோடு ஒருமுறை போய், ‘இந்தப் பெண் எந்தப் பிரிவில் விண்ணப்பிக்க முடியும்?’ என்று கேளுங்கள். அதற்கு ஒரு காலைப்பொழுது போதும்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் இன்னொரு பிளஸ் டூ வாங்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். பள்ளிப் படிப்பையே தொடர முடியாமல் போனவர்களுக்கு அது நல்ல வழி. கையில் ஒரு தேர்ச்சிச் சான்றிதழ் இருக்கும்போது இரண்டாவதாக ஒன்றை வாங்கி, அதன் மதிப்பெண்ணைத் தரவரிசைக்குக் காட்டுவது வேறு விஷயம். சான்றிதழ் சரிபார்ப்பில் எதை ஏற்பது என்று கேள்வி வரும், அப்போது வாய்வார்த்தை எதுவும் உதவாது. எப்படியும் அந்த வழிதான் என்று யாராவது முடிவு செய்தால், சட்டப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு பணம் கட்டட்டும்.

சி.பி.எஸ்.இ. பிள்ளைகளின் நிலை வேறு. அங்கே தேர்ச்சி பெற்றவர்களும் மேம்பாட்டுத் தேர்வு எழுதலாம். ஒரே ஒரு பாடம் என்றால் அதே ஆண்டு ஜூலை துணைத்தேர்வில், கூடுதல் பாடங்கள் என்றால் அடுத்த ஆண்டு முதன்மைத் தேர்வில் தனித்தேர்வராக. ஆனால் ஜூலையில் எழுதும் தேர்வின் முடிவு வருவதற்குள் சட்டச் சேர்க்கை எந்தக் கட்டத்தில் இருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் மகளின் மதிப்பெண்ணுக்கு வருவோம். 347 என்பது 57.83 விழுக்காடு. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு இந்திய பார் கவுன்சிலின் சட்டக் கல்வி விதிகள் (2008) வைத்திருக்கும் தகுதி, பொதுப்பிரிவுக்கு 45, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 40. அதாவது 600க்கு 270, 240. மற்றப் பிரிவினருக்கு அந்தந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டில் உள்ளதே எல்லை. மகள் எந்தப் பிரிவானாலும் தகுதி தாண்டியாயிற்று. வணிகவியல் பிரிவு படித்ததும் தடையில்லை, சட்டத்துக்கு எந்தப் பிரிவும் செல்லும்.

தகுதி இருப்பதும் இடம் கிடைப்பதும் ஒன்றல்ல. அரசு சட்டக் கல்லூரிகளுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டு, 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின்படி கலந்தாய்வு நடத்துகிறது. இங்கே பெரும்பாலோர் ஒரு கணக்கில் தவறுகிறார்கள். ஆறு பாடத்தையும் சேர்த்தால் 57.83. மொழிப்பாடங்களை விட்டு நான்கு பாடம் மட்டும் என்றால் 400க்கு 228, அதாவது 57. மகளுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தமிழில் 95 வாங்கிக் கணக்குப்பதிவியலில் 40 வாங்கிய பிள்ளைக்கோ இந்த வித்தியாசம் பெரிதாக விழும். எந்தப் பாடங்களைச் சேர்த்துத் தரவரிசை போடுகிறார்கள் என்பதை அந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டில் பார்த்து, தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் ‘கிடைக்கும், கிடைக்காது’ பேச்சே. பிறகு பல்கலைக்கழக இணையதளத்தில் முந்தைய ஆண்டின் கட் ஆஃப் பட்டியலில் உங்கள் சமூகப் பிரிவு, அந்தக் கல்லூரி, இறுதிச் சுற்று ஆகிய மூன்றும் சேரும் இடத்தைப் பாருங்கள். முதல் சுற்றின் எண்ணைப் பார்த்து மனம் விட்டுவிடுவோர் அதிகம். முதல் சுற்றில் இடம் எடுத்தவர்கள் பொறியியலுக்கும் வேறு படிப்புகளுக்கும் போகப் போக அந்த எண் இறங்கும்.

அடுத்து, நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன ஒரு செய்தி எனக்கு 347ஐவிட முக்கியமாகப் படுகிறது: ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. 2021இல் வந்த தமிழ்நாடு சட்டத்தின்படி, ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை இடம் உண்டு. அதில் சட்டமும் அடங்கும். அந்தத் தரவரிசை தனி. அங்கே மகள் போட்டி போடுவது அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு மட்டும்தான். இதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் எந்தப் பள்ளி என்று தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு பள்ளியிலும் வாங்க வேண்டும், அதற்குத்தான் நாளாகும். விண்ணப்பம் வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே வாங்குங்கள். கூடவே சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பவைதான், ஆனால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் பார்த்து அனுப்ப நாள் பிடிக்கும். மே, ஜூனில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். பெயரின் முன்னெழுத்து, பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றும் எல்லாச் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் தகராறு வருவது பெரும்பாலும் அங்கேதான்.

மதிப்பெண்ணைக் கூட்ட உண்மையில் இருக்கும் ஒரே வழி மறுமதிப்பீடு. ஆங்கிலம் 48, கணக்குப்பதிவியல் 49 இரண்டும் மகள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். முடிவு வந்த சில நாட்களுக்குள் பள்ளி வழியாக விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகல் வாங்கியவர்தான் மறுமதிப்பீட்டுக்குப் போக முடியும். நகல் வந்ததும் முதலில் பக்க வாரியாகக் கூட்டுத்தொகையைச் சரிபாருங்கள், பிறகு திருத்தாமல் விட்ட விடை ஏதும் உண்டா என்று பாருங்கள். கணக்குப்பதிவியலில் இறுதி விடை தவறினாலும் படிநிலை மதிப்பெண் உண்டு. பாட ஆசிரியரை உட்காரவைத்து விடைக்குறிப்போடு ஒப்பிடச் சொல்லுங்கள். அவர் தெளிவாகச் சுட்டிக்காட்டும் இடம் இருந்தால் மட்டும் மறுமதிப்பீடு போடுங்கள். ‘போட்டுத்தான் பார்ப்போமே’ என்று ஆறு பாடத்துக்கும் போடுவது வீண் செலவு. இந்தக் கால அவகாசம் முடிந்துவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்போம்.

விண்ணப்பத்தில் திருச்சி ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். 1979இல் தொடங்கிய பழைய கல்லூரி, டெல்டா மாவட்டப் பிள்ளைகள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். பட்டம் தருவது எல்லா அரசு சட்டக் கல்லூரிகளுக்கும் ஒரே பல்கலைக்கழகம். மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாக ஓடும் மெயின் லைன் ரயில் விழுப்புரம் போகிறது, அங்கே ஓர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணிக்காரர்களுக்குத் திருவாரூர் – காரைக்குடி ரயில்பாதை இருக்கிறது. காரைக்குடியில் 2022இல் புதிய அரசு சட்டக் கல்லூரி வந்திருக்கிறது. சேலம், நாமக்கல், தர்மபுரி, தேனி, இராமநாதபுரத்திலும் உண்டு. விருப்ப வரிசையில் மேலே ஆசைப்படுவதைப் போடுங்கள், அதன் கீழே விடுதியில் தங்கிப் படிக்கச் சம்மதிக்கும் எல்லாக் கல்லூரியையும் போடுங்கள். கீழே எழுதுவதால் மேலே உள்ள வாய்ப்பு குறையாது. சென்னையில் உள்ள சீர்மிகு சட்டப்பள்ளிக்குத் தகுதி வரம்பே மிக உயரம், அதை இப்போது விட்டுவிடலாம். தஞ்சாவூர் அருகே திருமலைசமுத்திரத்தில் சாஸ்திரா நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரும் தூரம்தான், ஆனால் கட்டணத்தை அரசுக் கல்லூரியோடு ஒப்பிடவே முடியாது.

இத்தனையும் செய்தும் இடம் கிடைக்கவில்லை என்றால்? அங்கேதான் மைத்துனரின் யோசனையை ஆண்டுக்கணக்காகப் போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் ஓராண்டு, பிறகு ஐந்தாண்டுச் சட்டம்: ஆறு ஆண்டு. இப்போதே பி.ஏ. அல்லது பி.காம். மூன்றாண்டு, பிறகு மூன்றாண்டு எல்எல்.பி.: அதுவும் ஆறு ஆண்டு. முடியும் நாள் ஒன்றுதான். இரண்டாவது வழியில் மூன்றாம் ஆண்டு முடிவிலேயே கையில் ஒரு பட்டம் இருக்கும், பட்டம் கேட்கும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளை எழுதலாம். சட்டம் பிடிக்காமல் போனாலும் படிப்பு வீணில்லை. எல்லாவற்றையும்விட, மூன்றாண்டு எல்எல்.பி. சேர்க்கையில் தரவரிசைக்குப் பட்டப்படிப்பின் மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். பிளஸ் டூவின் 347 அங்கே பேசாது. தகுதி அங்கேயும் பட்டத்தில் 45, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 40. பிளஸ் டூவில் தேர்ச்சி பெற்றும் 270க்குக் கீழே நின்றுபோன பொதுப்பிரிவுப் பிள்ளைகளுக்கு இதுதான் நேர்வழி.

பெண்பிள்ளைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். வீட்டில் இருக்கும் ஆண்டுக்கு அது கிடையாது. ஊரில் ஒரு பெண் ஓராண்டு சும்மா வீட்டில் இருந்தால் பேச்சு எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிப்பின் தொடர்ச்சி அறுந்துவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு அதுவும் காரணம்.

கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. கும்பகோணம் அரசு மகளிர் கலைக் கல்லூரி, தஞ்சாவூரில் குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கலைக் கல்லூரி, திருவாரூரில் திரு.வி.க. அரசு கலைக் கல்லூரி, மன்னார்குடியில் ராஜகோபாலசுவாமி அரசு கலைக் கல்லூரி. மகளுக்கு எதில் இடம், எந்தப் பாடம் என்று பார்த்து விண்ணப்பியுங்கள். சட்டக் கலந்தாய்வு முடியும்வரை இதைப் போடாமல் இருப்பதுதான் பலர் செய்யும் பெருந்தவறு. கலைக் கல்லூரி விண்ணப்பம் மே மாதமே தொடங்கிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் போடுங்கள். கலைக் கல்லூரியில் சேர்ந்த பிறகு சட்டத்தில் இடம் வந்தால் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகலாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிப்பு. இரண்டிலும் ஒரே சமயத்தில் படிக்க மட்டும் முடியாது. சட்டம் படிக்கும்போது இன்னொரு முழுநேரப் படிப்பில் பெயர் இருக்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதி சொல்கிறது.

எந்தப் பாடம் எடுப்பது? வக்கீலுக்கு உதவும் பாடம் என்று தேடுவதைவிட, மகளால் 70 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடிகிற பாடமா என்று பாருங்கள், தரவரிசை அதில்தான். ஆங்கிலத்தில் 48 வாங்கியவர் உடனே ஆங்கில இலக்கியம் எடுக்க வேண்டாம். பொருளியல், வரலாறு, வணிகவியல் மூன்றில் ஒன்று. வணிகவியலில் ஏற்கெனவே 63 இருக்கிறது. அரியர் வைக்காமல் போவது முக்கியம்: கடைசிப் பருவ முடிவு தாமதமானால் அந்த ஆண்டுச் சட்டச் சேர்க்கை நழுவும்.

ஆங்கிலம்தான் எனக்குக் கவலை தரும் இடம். சட்டக் கல்லூரியில் சட்டங்களும் தீர்ப்புகளும் ஆங்கிலத்தில் இருக்கும். எந்த வழியில் போனாலும் இன்றிலிருந்து நாளுக்கு ஒரு மணி நேரம் ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கம். தெரியாத சொல்லுக்கு அகராதி, கடைசியில் படித்ததை நான்கே வரியில் ஆங்கிலத்தில் எழுதிப்பார்ப்பது. பிளஸ் டூ ஆங்கிலத்தை மறுபடி மனப்பாடம் செய்வதால் இது வராது.

ஓராண்டைச் செலவிடத் தகுந்த ஒரு தேர்வு உண்டு என்றால் அது கிளாட். திருச்சி நாவலூர்குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் உட்பட தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத்தேர்வு. பிளஸ் டூவில் 45 இருந்தால் எழுதலாம். அதற்கு மேல் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு அங்கே வேலை இல்லை, 57 வாங்கியவரும் 97 வாங்கியவரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. 120 நிமிடம், 120 கேள்வி, ஒரு தவறான விடைக்கு கால் மதிப்பெண் கழிவு. ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டப் பகுத்தறிவு, தர்க்கம், பத்தாம் வகுப்பு அளவிலான கணக்கு. கேள்விகள் எல்லாம் சுமார் 450 சொற்கள் கொண்ட ஆங்கிலப் பத்திகளை ஒட்டியே வரும், தமிழில் எழுத வாய்ப்பில்லை. தேர்வு டிசம்பர் தொடக்கத்தில், விண்ணப்பம் ஜூலை, ஆகஸ்டிலிருந்து. கட்டணம் பொதுப்பிரிவுக்குச் சமீப ஆண்டுகளில் 4,000 ரூபாய்.

இதற்காகவும் வீட்டில் உட்கார வேண்டியதில்லை. கலைக் கல்லூரி முதலாண்டில் சேர்ந்துகொண்டே தயாராகலாம். ஜூனில் பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். 120 கேள்வியில் எத்தனையைத் தொட முடிந்தது, தொட்டதில் எத்தனை சரி என்று இரண்டு எண்ணையும் குறித்துவைக்கட்டும். செப்டம்பர் முடிவில் மறுபடி ஒன்று. தொட்ட எண்ணிக்கையும் சரியானதும் இரண்டும் ஏறியிருந்தால் விண்ணப்பித்து எழுதட்டும், அசையவே இல்லை என்றால் அந்த 4,000ஐ மிச்சப்படுத்திப் பட்டப்படிப்பில் கவனம் வைக்கட்டும். நவம்பரில் பருவத்தேர்வு இடையில் வரும், அதற்கு மூன்று வாரம் ஒதுக்கியே திட்டம் போடுங்கள். இடம் கிடைத்தால் சட்டத்தில் முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும், பி.காம். ஓராண்டு படித்ததற்குச் சலுகை கிடையாது. தேசிய சட்டப் பல்கலைக்கழகக் கட்டணம் ஆண்டுக்கு லட்சக்கணக்கில். கல்விக்கடன் வாங்க வங்கியில் முன்கூட்டியே பேசாமல் அந்த இடத்தை ஏற்க வேண்டாம்.

வயது பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2016இல் பார் கவுன்சில் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20, மூன்றாண்டுக்கு 30 என்று வயது வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது. 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. மகளுக்கு 21 வயதில் எல்எல்.பி. சேர்வதில் எந்தச் சிக்கலும் இல்லை.

பக்கத்து மாநிலத்தில் ஒரு கல்லூரி, தேர்வுக்கு மட்டும் போய்வந்தால் போதும் என்று தரகர்கள் வருவார்கள். சட்டப் படிப்பில் ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகை என்பது பார் கவுன்சில் விதி. வகுப்புக்கே போகாமல் வாங்கிய பட்டத்தோடு வழக்கறிஞராகப் பதிவு செய்யப் போகும்போது அது கிளறப்படும், அப்போது பணமும் ஆண்டுகளும் இரண்டும் போயிருக்கும்.

குறுவைச் செலவு நெருங்கும் ஜூனிலேயே கல்லூரிச் செலவும் வரும் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அரசு கலைக் கல்லூரி, அரசு சட்டக் கல்லூரி இரண்டிலும் கட்டணம் குறைவு, விடுதியும் போக்குவரத்தும்தான் பெரிய செலவு. டுட்டோரியலுக்கென்று எடுத்துவைத்த பணத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மகளோடு பள்ளிக்குப் போய், ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த சான்றுக்கும் விடைத்தாள் நகலுக்கும் ஒரே நாளில் எழுதிக்கொடுத்துவிடுங்கள். அங்கிருந்து நேரே இ-சேவை மையம்.